ஏணி பிடிக்கிறவ

ஏனுங் அம்மிணி... ஏனுங், இங்க. கீழ இல்லீங்க, மேல பாருங்க. இன்னும் மேல. ஆ, இதா, தண்ணி டேங்க்குக்குப் பக்கத்துல. பயந்துபோட்டீங்களா? பயப்படாதீங்க, நான் இந்த ஊட்டுக்காரன்தான். நாச்சிமுத்து. துணி காயப்போட வந்தீங்களாக்கும்? போடுங்க, போடுங்க. நான் சும்மா காத்து வாங்கிட்டு உக்காந்திருக்கறேன்.

மேஸ்திரி ஊட்டு மாடிக்குப் புதுசாக் குடி வந்தது நீங்கதானுங்களே? துளசிமணி சொன்னா. துளசிமணி என்ற சம்சாரம். உங்க ஊட்டுக்காரருக்குப் பனியன் கம்பெனில நைட் ஷிப்ட்டுன்னும் சொன்னா. இப்பத்தான் வந்து படுத்திருப்பாரு. தூங்கட்டும், எழுப்பிப்போடாதீங்க. எனக்கு ஒண்ணும் வேண்டாம்.

ரிப்பேரா? ரிப்பேரெல்லாம் இல்லீங்க. டேங்க்குக்குள்ள ஒரு பந்து மிதக்கும் பாருங்க, தண்ணி ரொம்புனா குழாயை அடைக்கறது. அது சரியா மிதக்குதான்னு பாக்கலாம்னு ஏறுனேன். பாத்துட்டேன். அருமையா மிதக்குது. பாத்து ரொம்ப நேரமாச்சு. அதுக்கப்புறமும் இன்னும் ரெண்டு மூணு தடவை பாத்துட்டேன், வேற வேலையில்ல பாருங்க.

ஏணியா? ஏணி இருக்குதுங்க. கீழ, மொட்டை மாடில இருக்குது. கைப்பிடிச் சுவரு மறைக்கும், அங்கிருந்து உங்களுக்குத் தெரியாது. படுத்திருக்குது. ஆமாங்க, நான் மேல உக்காந்திருக்கறேன், அது கீழ படுத்திருக்குது. சிரிக்காதீங்க அம்மிணி.

சரி, சிரிச்சுக்கங்க. வாயைப் பொத்திட்டு எதுக்குச் சிரமப்படறீங்க? எனக்கே அப்பப்பச் சிரிப்பு வருது. இந்த ஊடு கட்டறப்போ கொத்தனாரு சொன்னாரு, 'அண்ணா, மாடிப்படி ரூமுக்கு மேல டேங்க்கு வெக்கறீங்க, அங்க போறதுக்குச் சுவத்துல நாலு இரும்புக் கம்பி வளைச்சு அடிச்சுடலாம், படி மாதிரி ஆயிரும்'னு. நான்தான் வேண்டாம்னேன். ஏன்னு கேளுங்க. திருடன் ஏறிருவானாம்! டேங்க்குத் தண்ணியை எந்தத் திருடன் வந்து மொண்டுட்டுப் போறான்? எனக்கு அப்பத் தோணலீங்க.

விழுந்துச்சான்னு கேக்கறீங்களா? இல்லீங்க, காத்துக்கெல்லாம் விழற ஏணி இல்ல அது. நானே பாத்துப் பாத்து வாங்குனது. படுக்க வெச்சது துளசிமணி. கோவமா? சேச்சே, கோவமெல்லாம் அவளுக்கு வராதுங்க. கல்யாணமான நாளிலிருந்து பாக்கறேன், கோவிச்சுக்கவே தெரியாது அவளுக்கு. என்னமோ இன்னைக்கு இப்படி ஆகிப்போச்சு. நீங்க துணியைப் போட்டுட்டே கேளுங்க, நான் சொல்றேன்.

நான் பஞ்சு மில்லுல சேஃப்டி சூப்பர்வைசருங்க. இப்ப ரிட்டையர்டு. மில்லுல எவன் ஏணில ஏறுனாலும் கீழ நான் நிப்பேன். 'ஏய், செருப்பைக் கழட்டு. ஏய், ஒரு கை எப்பவும் படில இருக்கோணும். ஏய், பராக்குப் பாக்காதே'ன்னு கத்திட்டே இருப்பேன். என்னைக் கண்டா ஒருத்தனுக்கும் ஆகாது. அப்படிப்பட்டவன் இன்னைக்கு உக்காந்திருக்கற எடத்தைப் பாத்தீங்களா? அந்தப் பசங்கள்ல ஒருத்தன் இந்த வீதில போயி அண்ணாந்து பாத்தாப் போதும், மானம் கப்பலேறிரும். அதுக்குத்தான் வீதிக்கு முதுகைக் காட்டிட்டு, உங்க பக்கமாத் திரும்பி உக்காந்திருக்கறேன்.

இதுக்கெல்லாம் காரணம் என்ற மச்சான். துளசிமணியோட அண்ணன், சென்னியப்பன்னு பேரு. நல்ல மனுசன்தான், நான் இல்லீங்கல. பொங்கலுக்கு வெள்ளையடிக்க அவரு ஊட்டு மூங்கில் ஏணியை எடுத்துட்டு வந்தேன். வேலை முடிஞ்சதும் தொடைச்சு, பழையபடி கொண்டுபோயிச் சாத்திட்டு வந்தேன். அதுக்கப்புறம் அவரு ஊட்டுல ஒரு கெடா விருந்து. சொந்தம், ஒறம்பரையெல்லாம் பந்தில உக்காந்திருக்குது. மச்சான் கொழம்பு ஊத்திட்டே வாறாரு. என்ற எலைக்கு வந்ததும் சத்தமாக் கேக்கறாரு, 'ஏனுங் மாப்ளை, ஏணில நடுப்படி ஆடுதே, பாரம் எச்சா ஏறிருச்சா?'ன்னு.

பந்தியே சிரிச்சுது. அவரு வெளையாட்டாத்தான் கேட்டாரு, இப்ப இங்க உக்காந்து யோசிச்சா அது தெரியுது. அன்னைக்குத் தெரியல. எனக்கு ஒடம்பெல்லாம் திகுதிகுன்னு எரியுது. எலையை மடிச்சுப்போட்டு எந்திரிச்சுட்டேன். துளசிமணிக்கு அப்பத்தான் எலைல சோறு விழுந்துச்சு. அவளையும் 'எந்திரி'ன்னு சொல்லிக் கூட்டிட்டு வந்துட்டேன்.

அன்னைலிருந்து அவரு ஊட்டு வாசலை நான் மிதிக்கல. இவளைப் போகாதேன்னு சொன்னனான்னு கேட்டா, இல்லவே இல்லீங்க. சத்தியமா ஒரு வார்த்தை சொன்னதில்ல. சொந்தமா ஒரு ஏணி வாங்கோணும்னு மட்டும் முடிவு பண்ணேன்.

ஏணி வாங்கறது லேசுப்பட்ட காரியம்னு நெனச்சுக்காதீங்க. உங்க ஊட்டுக்கு எப்பவாச்சும் வாங்குனா என்னை ஒரு வார்த்தை கேட்டுட்டு வாங்குங்க. ரெண்டு காலை விரிச்சுட்டு நிக்கற ஏணி இருக்குது பாருங்க, அது ரூமுக்குள்ள பல்பு மாட்ட, ஃபேன் தொடைக்கத்தான் ஆகும். இப்படி உசரத்துல ஏறிப்போக அது ஒதவாது, சுவத்துல சாத்தறதுதான் வேணும். அடில ரப்பர் இருக்கோணும், இல்லீன்னா சிமெண்ட்டுத் தரைல வழுக்கிட்டுப் போயிரும். படி உருண்டையா இருந்தா சித்த நேரம் நின்னாலே பாதம் கடுக்கும், பட்டையா இருக்கோணும். இரும்புதான் எடுக்கலாம்னு போனேன். போனது சனிக்கிழமை. 'சனிக்கிழமை இரும்பு ஊட்டுக்குக் கொண்டாரக் கூடாதுங்க'ன்னு துளசிமணி சொல்லிட்டா. சரின்னு அலுமினியத்துக்கு மாறுனேன். அலுமினியத்துல கரண்ட்டுக் கம்பி பட்டா ஆள் காலி. நல்லவேளை, நம்ம ஊட்டுக்குக் கம்பி வீதிப்பக்கம் போகுது, ஏணி சாத்தறது பின்னால, பொடக்காலிப் பக்கம்.

இத்தனையும் தெரிஞ்சவன் என்ன பண்ணேன் தெரியுங்களா? சுவத்து உசரத்தை நூலு விட்டு அளந்து, அந்த நூலைச் சுருட்டிப் பையில போட்டுட்டுப் போயி, நூலு எவ்வளவோ அவ்வளவு ஏணி வாங்கிட்டு வந்தேன். நட்டக்குத்தலா நிறுத்துனா மேல விளிம்புல கச்சிதமா முட்டுது. ஏணியை நட்டக்குத்தலா நிறுத்தி ஏற முடியுங்களா? சாச்சா கட்டை, விளிம்புக்கே எட்டாது! நாலு பங்கு உசரத்துக்கு ஒரு பங்கு அடி தள்ளி நிக்கோணும். விளிம்பைத் தாண்டியும் ஒரு ஆள் பிடிச்சுக்கற அளவுக்கு நீட்டிட்டு இருக்கோணும். இதை மில்லுக்குப் புதுசா வர்ற ஒவ்வொருத்தனுக்கும் நான்தான் பாடம் எடுத்தேன். துளசிமணி கடையிலயே கேட்டா, 'ஏனுங்க, சாச்சாக் கட்டையாயிராதுங்களா?'ன்னு. 'சேஃப்டி சூப்பர்வைசர் நானா நீயா?'ன்னு கேட்டேன். கடைக்காரரு முன்னால வெச்சுத்தான் கேட்டேன். அதே கடைக்காரருகிட்ட மறுநாளு போயி நின்னு மாத்திக் கேக்கறப்ப, மூக்கு ஒடைஞ்ச சத்தம் அவருக்கே கேட்டிருக்கும்.

மாத்துன ஏணியைக் கொண்டுவந்தது அதைவிடக் கூத்து. வண்டி பேச வேண்டாம், எதுக்குத் தெண்டச் செலவுன்னு மொபெட்டுலயே கொண்டாந்தோம். நான் ஓட்டறேன், துளசிமணி பின்னால. ஏணியை எப்படிப் பிடிக்கறது? அவ தலையை ரெண்டு படிக்கு நடுவுல விட்டு, தோள்ல போட்டுக்கிட்டா. பின்னாலயும் விழாது, முன்னாலயும் விழாது, கழுத்துலயே மாட்டியிருக்குது. எனக்கு ஒரே பெருமை. இப்படி ஒரு யோசனை எவனுக்கு வரும்னு. வர்ற வழில கொஞ்சம் சுத்து. சென்னியப்பன் வீதி வழியா வந்தேன். அவரு ஊட்டு முன்னால நல்லா ஆரன் அடிச்சேன். மச்சானும், அவரு சம்சாரமும், அக்கம்பக்கத்துக்காரங்களும் வெளிய வந்து பாத்தாங்க. எல்லாரும் பாக்கட்டும்னு மெதுவாத்தான் போனேன்.

துளசிமணியா? அவ என்ன பண்ணுவா, உக்காந்திருந்தா. ஊட்டுக்கு வந்து எறங்கி, கழுத்தைத் தேச்சுட்டே சமையக்கட்டுக்குப் போயிட்டா. அசதியா இருக்கும்னு நெனச்சேன்.

என்னங்க, துணியைப் பிழியறதை நிறுத்திட்டீங்க? பிழியுங்க.

ஏணி வந்ததும் நான் போட்ட சட்டம் எதுன்னா, ஆளில்லாம ஏணி நிக்கவே கூடாது. ஆள் நகர்ந்தா ஏணியைப் படுக்க வெச்சுட்டுத்தான் நகரோணும். மில்லுச் சட்டம் அது. சும்மா நிக்கற ஏணில எவனாச்சும் ஏறுவான், எதாச்சும் இடிச்சுச் சாயும். காலைல எந்திரிச்சதும் ஒருக்கா, படுக்கப் போறப்ப ஒருக்கா துளசிமணிகிட்டச் சொல்லுவேன். ரெண்டாவது, நான் மேல இருந்தா அவ கீழ பிடிச்சுட்டு நிக்கோணும். கண்ணு என்ற காலை விட்டு அங்கிட்டு இங்கிட்டுப் போகக் கூடாது. மேல ஒரு கொக்கி அடிச்சு வெச்சிருக்கறேன், ஏறுனதும் ஏணித் தலையைக் கயித்தால அதுல கட்டிப்போடறதுதான் மொறை. ஆனா நான் கட்டறதில்லீங்க. அவ இருக்கறப்பக் கயிறு எதுக்கு?

பிடிச்சா, அப்படிப் பிடிப்பா! அடுப்புல பால் பொங்கி வழிஞ்சு நாத்தம் மேல வரைக்கும் வரும், அவ அசையமாட்டா. வெயில் மண்டையைப் பொளக்கும், கையை எடுக்கமாட்டா. ஒருக்கா நான் மேல இருந்துட்டே அக்கட்ட ஊட்டு வாத்தியாருகூட எலெக்சனைப் பத்திப் பேச ஆரம்பிச்சேன். சூடாப் போயிட்டிருந்துச்சு பேச்சு. முடிச்சுட்டுக் கீழ பாத்தா, அப்படியே நிக்கறா. 'நீ இன்னும் போகலியா?'ன்னு கேட்டேன். 'எப்படிங்க போறது?'ன்னா. அவளுக்கு என்மேல அவ்வளவு அக்கறை.

ஏன் அம்மிணி, அப்படிப் பாக்கறீங்க?

இன்னொண்ணு சொல்றேன், இதை நீங்க நம்பமாட்டீங்க. அவ அண்ணன் ஊட்டுக்குக் கெளம்பற அன்னைக்குப் பாத்துத்தான் இந்த டேங்க்குல எதாச்சும் ஆகும். அண்ணன் மகளுக்குப் பூ வெக்கறாங்கன்னு கெளம்புனா, அன்னைக்கு டேங்க்கு மூடி காத்துல ஆடுது. அண்ணிக்கு ஒடம்பு சரியில்லன்னு பாக்கக் கெளம்புனா, அன்னைக்கு மாடித் தண்ணி எறங்கற கொழாய்ல எலை அடைச்சிருக்குமோன்னு ஒரு சந்தேகம். கோயில் நோம்பிக்குக் கெளம்புனா டேங்க்குல பாசி. நான் போகாதேன்னு சொல்லல. 'ஒரு கை பிடிச்சுட்டுப் போயிரு'ன்னுதான் சொல்லுவேன். பிடிச்சு முடியறப்போ பஸ்சு போயிருக்கும். டேங்க்குக்கு என்ன கெரகமோ, நாளு பாத்துத் தொந்தரவு பண்ணுது.

சிரிங்க, சிரிங்க. டேங்க்கா பண்ணுச்சுன்னு கேக்கறீங்க. கேளுங்க.

இப்ப மச்சான் புது ஊடு கட்டியிருக்கறாரு, அந்த மில் ரோட்டுக்கு அக்கட்ட. இன்னைக்குத்தான் புதுமனை புகுவிழா. பொறந்தவ வந்து பால் காய்ச்சோணும். அதான் நம்ம வழக்கம், உங்க பக்கமும் அப்படித்தானுங்களே? அவரு கூடப் பொறந்தது இவ ஒருத்திதான். அவரே நேர்ல வந்தாரு, தட்டத்துல வெத்தலை பாக்கு, பழம், பத்திரிகை எல்லாம் வெச்சுட்டு. நான் அப்ப ஏணி மேல நிக்கறேன். துளசிமணி கீழ பிடிச்சிருக்கறா. அண்ணனைப் பாத்ததும் அவ மொகம் மலர்ந்துச்சு பாருங்க, தண்ணி கொண்டாறேன்னு கையை எடுத்துட்டா. நான் என்ன பண்ணேன்? 'மச்சான், சித்தப் பிடிங்க'ன்னேன்! தட்டத்தைக் கீழ வெச்சுட்டு, வேட்டி சட்டையோட அந்த மனுசன் ஏணியைப் பிடிச்சுட்டு நின்னாரு. நான் எறங்கவே இல்லீங்க. மேல நின்னுட்டேதான் பேசுனேன்.

'மாப்ளை, பழசெல்லாம் மனசுல வெச்சுக்காதீங்க. என்ற பொறந்தவ கையாலதான் பால் பொங்கோணும்'னாரு. சரிங்க மச்சான்னு சொல்லியிருக்கலாம். வாயில வந்தது என்ன தெரியுங்களா? 'டேங்க்கு வேலை இருக்குது, பாக்கலாம்.' இந்த வாயை எதுல போயி அலசறது? தண்ணி கொண்டாந்த துளசிமணி அதைக் கேட்டுட்டே சொம்பைக் கையில வெச்சுட்டு நின்னா.

இன்னைக்கு இருட்டோட எந்திரிச்சு, தலைக்கு ஊத்தி, பட்டுச் சீலை கட்டிட்டா. கெளம்பி வாசலுக்கு வந்தவகிட்ட, 'அந்தப் பந்து ஒண்ணு மட்டும் பாத்துடறேன், ஒரு கை பிடி'ன்னேன். சரின்னு தலையை ஆட்டுனா. 'சாமான் பையை நான் எடுத்தாறேன், நீங்க போங்க'ன்னு அடக்கமாச் சொன்னா. நான் ஏறுனேன். சாமானைக் கையில எடுத்துட்டு ஏறக் கூடாது, அதனால பையைக் கயித்துல கட்டி மேல இழுத்துக்கறது வழக்கம். கட்டிவிட்டா, இழுத்துக்கிட்டேன். போனும் எடுத்துட்டு ஏறக் கூடாதுங்க, அது சட்டைப் பையில, சட்டை கீழ கம்பில தொங்குது. எல்லாம் மொறைப்படி.

பந்தைப் பாத்தேன். அது நல்லாத்தான் இருந்துச்சு. 'நேரமாச்சுங்க, எறங்கறீங்களா?'ன்னா. 'இரு'ன்னேன். பந்தை அமுக்கி விட்டு மறுக்காப் பாத்தேன். 'பஸ்சு வந்துருமுங்க'ன்னா. 'இரு இரு'ன்னேன். மூடியைத் தொடைச்சேன். மூடியை எதுக்குத் தொடைக்கறேன்னு எனக்கே தெரியல, அம்மிணி. 'அப்ப நான் போறனுங்க'ன்னா. நானும் வீராப்பா, 'போயேன்'னுட்டேன்.

அப்பறம் ஒரு சத்தம். பதறிப்போயி எட்டிப் பாக்கறேன், ஏணியை அலுங்காமச் சாய்ச்சு, யாரு காலும் தடுக்காம சுவத்தோரமாப் படுக்க வெக்கறா. பட்டுச் சீலைல தூசி படாம வெக்கறா. வெச்சுட்டு அண்ணாந்து பாத்தா. 'ஆளில்லாம ஏணி நிக்கக் கூடாதுங்களே'ன்னா. சிரிக்கலீங்க, மொறைக்கல, சாதாரணமாச் சொன்னா. படி எறங்கிப் போயிட்டா. கேட்டுத் தாழ்ப்பாள் போடற சத்தம்கூடக் கேட்டுச்சு.

நான் கூப்பிடலீங்க. என்னன்னு கூப்பிடறது? என்ற சட்டத்தைத்தானே அவ செஞ்சா?

நான் எறங்கறதுக்கு வழி இல்லாம இல்ல, அம்மிணி. குதிச்சுரலாம்தான். இந்த வயசுல குதிச்சா அப்பறம் நடக்கறதுக்கு வழி இருக்காது, அதான். அவளுக்குக் கோவம்னு மட்டும் நெனச்சுக்காதீங்க. அவசரம், பாவம், யோசிக்கல. பஸ்சுல பாதி வழி போனதும்தான் அடடா, மனுசன் மேல இருக்கறாரேன்னு ஞாபகம் வந்து பதறியிருப்பா. அவளுக்குக் கொஞ்சம் மறதி உண்டு.

பையில என்னவா? சாமான்தான். ஸ்பேனரு, டேப்பு. அவிழ்க்கவே இல்லீங்க, பந்துதான் நல்லா இருக்குதே. இருங்க, ஒரு துண்டாச்சும் இருந்தாத் தலைக்குப் போட்டுக்கலாம்.

அட.

பாருங்க, மறதின்னு சொன்னனா இல்லியா? ஸ்பேனரைக் காணோம். ஈரத் துண்டு ஒண்ணு நனைச்சுப் பிழிஞ்சு வெச்சிருக்கறா. தூக்குப்போசி. தொறந்தா, இட்லி. பொடி தடவுன இட்லி. அவசரத்துல பையை மாத்திக் கட்டிட்டா பாவம். தண்ணி பாட்டலு வேற. ரெண்டு பாட்டலு. இது என்னது, காயிதத்துல மடிச்சு... பிரஷர் மாத்திரைங்க. நான் தெனம் காலைல போடற மாத்திரை. மத்தியானம் போடறதும் இருக்குது.

என்ன சொன்னீங்க? சத்தமாச் சொல்லுங்க.

ம்.

ஆமாங்க. மறந்து வெக்கற சாமான் இல்ல இது.

ராத்திரியே முடிவு பண்ணியிருக்கறா. நான் ஏறுவேன்னும் தெரிஞ்சிருக்குது, எறங்கமாட்டேன்னும் தெரிஞ்சிருக்குது. உட்டுட்டுப் போகோணும்னு முடிவு பண்ணிப்போட்டு, அப்பறம் உக்காந்து எனக்கு இட்லிக்குப் பொடி தடவியிருக்கறா. எனக்கு நாக்கைப் புடுங்கிக்கலாம் போல இருக்குது, அம்மிணி. ஏணியைக் கழுத்துல மாட்டிட்டு வந்தாளே, அன்னைக்கு அவ பொறந்த ஊட்டு வாசல்ல எல்லாரும் பாத்தாங்களே, எனக்கு அது ஒறைக்கவே இல்லீங்களே. ஆரன் அடிச்சேன் பாருங்க நான்! என்னையெல்லாம் இங்கயே காய வெக்கலாம், வத்தல் மாதிரி.

வர்றீங்களா? இங்கயா? வாங்க. கேட்டு தாழ் மட்டும்தான் போட்டிருக்கும், பூட்டில்ல. வெளிப்பக்கப் படி. வெசையா வரோணும்னு இல்ல, மெதுவா வாங்க, படில பாசி இருக்குது.

வந்துட்டீங்களா? ரொம்பப் புண்ணியம். ஆ, அதான் ஏணி. கனக்காது, தூக்கிருவீங்க. மொதல்ல அடியைச் சுவத்துல முட்டுக் குடுத்துட்டு, தலையைத் தூக்கிட்டே நடந்து வாங்க. சபாஷ். இப்ப அடியை இழுங்க. இன்னும் கொஞ்சம். போதும். ஏணிக் காலுகிட்ட உங்க பாதத்தை வெச்சு, கையை நேரா நீட்டுங்க. படி கைக்கு எட்டுதுங்களா? அப்படீன்னா சாய்வு சரி. நான் மேல கொக்கில கட்டிடறேன். இதா, கட்டிட்டேன், ரெண்டு சுத்து. இனி யானையே ஏறுனாலும் அசையாது. நீங்க பிடிச்சுக்கங்க. நான் எறங்கறேன்.

எறங்கறேனுங்க.

சித்த இருங்க. துண்டை இடுப்புல கட்டிக்கறேன். இப்ப எறங்கறேன்.

அம்மிணி, தப்பா நெனச்சுக்காதீங்க. நீங்க நல்லாத்தான் பிடிச்சிருக்கறீங்க. ஏணி மேல ஒரு குத்தமும் இல்ல. காலுதான் விளிம்பைத் தாண்டி வரமாட்டீங்குது. மில்லுல நான் ஒரு நாளும் ஏணி ஏறுனதில்லீங்க. கீழ நின்னு கத்துனதோட சரி. இந்த ஊட்டுல, அவ பிடிச்சுத்தான் மொத மொதல்ல ஏறுனதே. எறங்கறப்ப 'வலது காலை வைங்க, இப்ப எடது, இன்னும் ஒரு படிதானுங்க'ன்னு அவ கீழ இருந்து சொல்லிட்டே இருப்பா. நான் எரிஞ்சு விழுவேன், 'எனக்குத் தெரியாதா'ன்னு. எனக்குத் தெரியாதுங்க, அம்மிணி. அவ சொன்னா காலு போகும், அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

ஃபயர் சர்வீசா? ஐயோ, வேண்டவே வேண்டாம்! வண்டி மணியடிச்சுட்டு வந்தா ஊரே திரண்டுரும். உங்க ஊட்டுக்காரரையும் எழுப்பாதீங்க. ஒரே ஒரு ஒத்தாசை பண்ணுங்க. அந்தக் கம்பில சட்டை தொங்குது பாருங்க, பையில போனு இருக்கும். எடுங்க. துளசிமணிக்குப் போடுங்க. நம்பரு எனக்குத் தெரியாதுங்க. எப்பவும் கீழதானே நின்னுட்டிருந்தா, போன் பண்ண வேண்டி வந்ததில்ல. 'ஊடு'ன்னு போட்டு வெச்சிருப்பேன் பாருங்க, அதுதான் அவ.

போகுதுங்களா? எடுத்துட்டாளா? மேளச் சத்தம் கேக்குதா? பால் பொங்கிருச்சான்னு கேளுங்க. பொங்கிருச்சா! கெழக்குப் பாத்துப் பொங்குச்சா? நல்லது, நல்லது. நான் பேசலீங்க, எனக்கு இப்ப வராது. நீங்களே சொல்லுங்க. அவரு நல்லா எறங்கிட்டாரு, இட்லி சாப்ட்டாரு, மாத்திரை போட்டுட்டாரு, நீங்க சாவகாசமா இருந்துட்டு வாங்கன்னு சொல்லுங்க.

என்ன சொல்றா? யாரு பிடிச்சாங்கன்னு கேக்கறாளா? நீங்கதான்னு சொல்லுங்க, பொய்யில்லையே, பிடிச்சுட்டுத்தானே நிக்கறீங்க.

என்னவாம்? நம்பமாட்டீங்கறாளா? 'அவரு மேலதான் உக்காந்திருப்பாரு, எனக்குத் தெரியாதா'ங்கறாளா? இதா பொறப்பட்டு வாறாளாமா?

வேண்டாம்! வேண்டாம்னு சொல்லுங்க அம்மிணி! ஸ்பீக்கர்ல போட்டு மேல தூக்கிப் பிடிங்க. துளசி! ஏ துளசி, நான்தான் பேசறேன். ஆமா, மேலதான் இருக்கறேன். நீ வராதே. கேளு, நீ வராதே. உங்கண்ணன்கிட்ட, மாப்ளை மத்தியானத்துக்கு மேல வாறேன்னு சொன்னாருன்னு... இல்ல, அது வேண்டாம், அதை நான் எறங்குனப்பறம் நேர்ல வந்து சொல்றேன். நீ உக்காந்து உண்ணு. ஒறம்பரை சனத்தையெல்லாம் பாரு. அண்ணிகூட ஆற அமரப் பேசு. பொழுது எறங்குனப்பறம் பஸ்சு ஏறுனாப் போதும்.

வெயிலா? டேங்க்கு நெழலு இருக்குது, நகந்து நகந்து உக்காந்துக்கறேன். இட்லி இருக்குது, தண்ணி இருக்குது. நீ அவசரப்படாதே, துளசி. நான் எங்கயும் போயிரமாட்டேன்.